அப்பாவுக்கு, அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய்: மதுரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீமோ பெரும்பாலும் 21 நாள் சுற்று. அதில் ஆஸ்பத்திரியில் கழிவது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். மீதி 19 நாளும் அப்பாவோ அம்மாவோ உசிலம்பட்டியிலோ மேலூரிலோ வில்லாபுரத்திலோ வீட்டுக் கட்டிலில்தான் இருப்பார். காய்ச்சல் வருவது, சோறு இறங்காமல் போவது, மூச்சு வாங்குவது எல்லாம் அந்த 19 நாளில்தான். பிள்ளைகளுக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எது விடியும் வரை காத்திருக்கும், எது அரை மணி நேரம்கூடக் காத்திருக்காது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சதைப் பரிசோதனையும் அந்த மெழுகுக் கட்டியும்

நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய் மேல்தான் போகும். அது தவறில்லை. ஆனால் சளியில் கிருமி தெரியாமலேயே காசநோய் மாத்திரை தொடங்கி, நான்கைந்து வாரமாகியும் இருமல் குறையாமல் எடை இறங்கிக்கொண்டே போனால், அந்த கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிடி ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் வேண்டும் என்று கேளுங்கள்.

எடுத்த சதையை ஃபார்மலினில் போட்டு, பிறகு மெழுகில் பதித்துச் சிறு கட்டியாக வைப்பார்கள். லேபில் அதன் பெயர் ‘பிளாக்’. அதிலிருந்து சீவிய மெல்லிய துண்டுகள்தான் கண்ணாடி ஸ்லைடுகள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும், மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினாலும் முதலில் கேட்பது இந்த பிளாக்கைத்தான். ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டால், நோயாளிக்கு மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டி வரலாம். லேபில் எழுதிக் கொடுத்து பிளாக்கையும் ஸ்லைடுகளையும் வாங்கி, பெயரும் எண்ணும் சரியா என்று அங்கேயே பாருங்கள். மே மாத வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போகக் கூடாது. மெழுகு இளகிவிடும்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது புற்றின் வகை. ‘ஸ்மால் செல்’ வேகமாகப் பரவும். அதற்கு ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் கீமோ தொடங்குவார்கள். நுரையீரல் புற்றில் சுமார் 85 சதவீதம் ‘நான் ஸ்மால் செல்’ வகை. அதிலும் ‘அடினோகார்சினோமா’ என்று இருந்தால் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1 என்ற மரபணு மாற்றங்களையும் பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவையும் பார்க்கச் சொல்வார்கள். புகையே தொடாத பெண்களுக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம். அது இருந்தால், நோய் பரவிய நிலையிலும் கீமோவுக்குப் பதில் தினம் ஒரு மாத்திரையில் வைத்தியம் தொடங்க முடியும். இந்த ரிப்போர்ட் வர ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகலாம். “அது வரும் வரை காத்திருக்கலாமா, உடனே தொடங்கணுமா?” என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். சதை போதவில்லை என்றால் ரத்தத்திலேயே ஈஜிஎஃப்ஆர் பார்க்கும் வழி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

புற்று எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்கும் பெட்-சிடி ஸ்கேன் எடுக்கும் நாளில் 6 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். சர்க்கரை 200-ஐத் தாண்டினால் அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சர்க்கரை மாத்திரையை எப்போது நிறுத்துவது, எப்போது போடுவது என்று ஸ்கேன் சென்டரில் முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பயணமும் ஒரு நாள் பட்டினியும் மிச்சமாகும்.

கோப்பு, நோட்டு

தடிமனான ஒரே கோப்பு. தேதி வரிசைப்படி, புதியது மேலே. எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து, கூடப்பிறந்தவர்கள் எல்லோரிடமும் இருக்கும்படி செய்யுங்கள். அதோடு 200 பக்க நோட்டு ஒன்று. தினமும் ஒரே வரி போதும்: காய்ச்சல் அளவு, ஆக்சிஜன் அளவு, எத்தனை வேளை சாப்பிட்டார், மலம் போனதா, வலி பத்துக்கு எத்தனை. எடை மட்டும் வாரம் ஒரு முறை, ஒரே மெஷினில். டாக்டர் “எப்படி இருந்தார்?” என்று கேட்டதும், எல்லா அப்பாக்களும் “நல்லா இருக்கேன் சார்” என்றுதான் சொல்வார்கள். நோட்டுதான் உண்மையைச் சொல்லும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை அடுத்த முறை கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். கூட்டமான ஓபியில் மூன்றுக்குத்தான் நிதானமாகப் பதில் கிடைக்கும்.

எங்கே பார்ப்பது, பணம் எப்படி

மதுரையில் அரசுப் பக்கம் இரண்டு இடங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனை, பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மருத்துவமனை. தனியாரிலும் கீமோவும் கரண்டும் (கதிர் சிகிச்சை) ஒரே வளாகத்தில் தரும் இடங்கள் உண்டு. இரண்டாவது கருத்து கேட்கச் சென்னை போவது தப்பில்லை. ஆனால் 6 வாரம் தினமும் கரண்ட் வைக்க வேண்டிய வைத்தியத்தை, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் செய்துகொள்வதே உடம்புக்கும் பணத்துக்கும் நல்லது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மகன் கார்டிலிருந்து நீக்கி, இன்னொரு கார்டில் சேர்க்காமல் விட்ட பெற்றோர் ஏராளம். வேலை நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தில் தனி அட்டை 2024 அக்டோபரிலிருந்து தரப்படுகிறது.

காப்பீட்டில் முன்அனுமதி வந்த பிறகுதான் வைத்தியம் தொடங்க வேண்டும். முன்பணம் கட்டிவிட்டுப் பிறகு காப்பீட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று எண்ணாதீர்கள். எல்லா மருந்தும் திட்டத்தில் அடங்காது. “இந்த மாத்திரை வருமா, எத்தனை சுற்று வரும், ஸ்கேன் வருமா?” என்று காப்பீட்டுப் பிரிவில் சேரும் முன்பே கேளுங்கள்.

வைத்தியத்துக்காக ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் கட்டணம் கிடையாது. கூட வருபவருக்கு 75 சதவீதம் சலுகை. ரயில்வே படிவத்தில் ஆஸ்பத்திரி டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

அப்பாவிடம் சொல்வது

“அப்பாவுக்குத் தெரிய வேணாம் டாக்டர், தாங்க மாட்டாரு” என்று வராந்தாவில் நின்று சொல்லாத குடும்பம் குறைவு. அந்த அன்பு புரிகிறது. ஆனால் முடி கொட்டும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் பேசுவார், கட்டிடத்தின் பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கும். அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்ததை உங்களிடம் பேச முடியாமல் தனியே கிடப்பார். “நுரையீரல்ல கட்டி இருக்குப்பா. கெட்ட கட்டிதான். மருந்து இருக்கு, கூட நாங்க இருக்கோம். இன்னும் என்ன தெரிஞ்சுக்கணுமோ கேளுங்க” என்ற அளவில் நிறுத்தி, அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எவ்வளவு நாள் என்று அவராகக் கேட்டால் ஒழிய அதைத் தொட வேண்டாம்.

பீடி, சிகரெட் இருந்தால் இப்போதும் விடுவது பயன் தரும். இனிமேல் விட்டு என்ன என்று விட்டுவிடாதீர்கள். புகை தொடர்ந்தால் மூச்சுக்குழாய்ப் புண் ஆறாது, எர்லோட்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரையின் வேலையும் குறையும். அதற்காகப் பழைய கணக்கை எடுத்துத் திட்டவும் வேண்டாம். புகையிலையை விட உதவும் இலவச எண் 1800 112 356.

கீமோ: 21 நாளும் என்ன நடக்கும்

பெமெட்ரெக்ஸெட் என்ற மருந்து எழுதியிருந்தால் வேலை ஒரு வாரம் முன்பே தொடங்குகிறது. ஃபோலிக் ஆசிட் மாத்திரை குறைந்தது 5 நாளாவது முன்கூட்டிப் போட்டிருக்க வேண்டும், பி12 ஊசி ஒரு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். முந்தின நாள், அன்று, மறுநாள் என மூன்று நாள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை இருக்கும். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் வாய்ப்புண்ணும் வெள்ளை அணுக் குறைவும் கடுமையாகும், அல்லது தோலில் தடிப்பு வரும். மறந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கீமோ அன்று தளர்வான அரைக்கைச் சட்டை, ஒரு போர்வை, வீட்டு இட்லி. மருந்து ஏறும்போது ஊசி இடத்தில் எரிச்சல், வீக்கம், இறுக்கம் என்று அவர் லேசாகச் சொன்னாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும். “சிஸ்டரத் தொந்தரவு பண்ணாத” என்று அவர் தடுப்பார். கேட்காதீர்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டால் சிறுநீரகம் காக்க நிறையத் தண்ணீர் வேண்டும். எத்தனை லிட்டர் என்று டாக்டரிடம் அளவு வாங்கிக்கொள்ளுங்கள், இதய நோய் உள்ளவருக்கு அது மாறும்.

1 முதல் 5 நாள் வரை குமட்டல் நாட்கள். வாந்தி வந்த பிறகு மாத்திரை கொடுப்பதில் பயனில்லை, எழுதிக் கொடுத்த நேரத்துக்கு, வாந்தி வராவிட்டாலும் கொடுங்கள். வாந்தியைத் தடுக்கும் ஆன்டன்செட்ரான் மலச்சிக்கல் தரும் என்பதால் அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். டெக்ஸாமெத்தசோனால் சர்க்கரை ஏறும். அது காலை வெறும் வயிற்றில் தெரியாது, மதியத்துக்கு மேல்தான் உச்சத்துக்குப் போகும். ஆகவே அந்த நாட்களில் மாலையில் விரலில் குத்திப் பாருங்கள். முதல் 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்திருக்கும். கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் விடுங்கள், அழுக்குத் துணியைக் கையுறையோடு எடுத்துத் தனியே துவையுங்கள். கர்ப்பிணி மருமகள், மகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

7 முதல் 14 நாள் வரைதான் ஆபத்தான வாரம். வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கும் காலம் அது. டிஜிட்டல் தெர்மாமீட்டரில் காலையும் மாலையும் நாக்கின் அடியில் பாருங்கள். காபி குடித்திருந்தால் 15 நிமிடம் கழித்து. 100.4 டிகிரி பாரன்ஹீட் வந்தால், மணி இரவு 2 ஆனாலும் கிளம்ப வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து, விடிந்ததும் பார்க்கலாம் என்று படுப்பதுதான் இந்த வைத்தியத்தில் நடக்கும் மிக மோசமான தவறு. காய்ச்சல் அடங்கும், கிருமி அடங்காது. எதிர்க்கும் அணு இல்லாத உடம்பில் சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் விழுந்துவிடும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். பேரையூரிலிருந்து மதுரை வர நேரமாகும் என்பதால், பக்கத்திலுள்ள எந்த அரசு மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று கீமோ டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். கீமோ மருந்தின் பெயரும் தேதியும் “காய்ச்சல் வந்தால் வெள்ளை அணுக் குறைவு என்று கருதவும்” என்ற வரியும் கொண்ட துண்டுச் சீட்டு அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

வெள்ளை அணு ஏற்றும் ஊசியை வீட்டில் போடச் சொல்லி வாங்கிக் கொடுத்தால், அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. மாட்டுத்தாவணியிலிருந்து பஸ்ஸில் எடுத்துப் போக, மருந்துக் கடையிலேயே தெர்மோகோல் பெட்டியும் ஐஸ் பேக்கும் கேளுங்கள். ஐஸ் மேல் நேரடியாக வைத்து உறைய விடவும் கூடாது. இந்த ஊசிக்குப் பிறகு இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் வலிக்கும். நோய் பரவிவிட்டதென்று பயப்பட வேண்டாம். டாக்டர் சொல்லும் வலி மாத்திரைக்கு அடங்கும்.

சாப்பாடு

55 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 65 கிராம் புரதம் இலக்கு. கணக்கு எளிது: இரண்டு முட்டை 12, அரை லிட்டர் பால் 16, சமைத்த கோழி அல்லது மீன் 100 கிராமில் 22, ஒரு கிண்ணம் சுண்டல் 8, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. சைவம் என்றால் பன்னீரும் பருப்பும் கூடட்டும். மூன்று வேளை தட்டு நிறைய வைத்தால் பார்த்ததுமே வெறுப்பு வரும். ஆறு வேளை, சின்னக் கிண்ணத்தில்.

எலும்பு சூப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நெஞ்செலும்பை வேக வைத்துத் தண்ணீரை அப்பாவுக்கும் கறியைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம். சத்து கறியில் இருக்கிறது. சூப்போடு அந்தக் கறியையும் மைய வேகவைத்து, மசித்து அவருக்கே கொடுங்கள்.

வெள்ளை அணு குறையும் வாரத்தில் பழைய சோறு, வெளியில் வைத்த தேங்காய்ச் சட்னி, பச்சைக் காய், நறுக்கி விற்கும் பழம், கடை ஜூஸ், கடை ஜிகர்தண்டா வேண்டாம். வீட்டில் தோல் உரிக்கும் வாழை, சாத்துக்குடி நல்லது. வாய்ப்புண்ணுக்கு ஒரு தம்ளர் கொதித்தாறிய தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, அதில் பாதி உப்பு. நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கட்டும்.

முள்சீத்தா இலை, பப்பாளி இலைச்சாறு, பெயர் தெரியாத லேகியம் என்று பார்க்க வருபவர்கள் ஒவ்வொன்றைக் கொண்டு வருவார்கள். அன்புதான். ஆனாலும் ஈரல் கெட்டால் கீமோ தள்ளிப்போகும், எதனால் கெட்டது என்று டாக்டருக்கும் தெரியாது. டாக்டரிடம் காட்டாமல் எதையும் தொடங்காதீர்கள். சமையலில் போடும் மஞ்சள், மிளகு, சீரகம் தாராளமாக இருக்கட்டும்.

கரண்ட் வைக்கும் ஆறு வாரம்

வழக்கமாக வாரம் 5 நாள், மொத்தம் 30 முறை. ஒவ்வொரு முறையும் படுக்கையில் இருப்பது கால் மணி நேரம், வலி கிடையாது. கரண்ட் வைக்கும் இடத்தைக் குறிக்க நெஞ்சில் போட்ட கோடு அழியக் கூடாது. அங்கே சோப்பு, பவுடர், சந்தனம், திருநீறு, தைலம் எதுவும் வேண்டாம். நாள் விட்டுப்போனால் கட்டி தப்பிப் பிழைக்க இடம் கிடைக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அந்த வாரத்துக்கு என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இரண்டு, மூன்றாம் வாரத்தில் விழுங்கும்போது நெஞ்சு எரியும். உணவுக்குழாய் வேகிறது. காரம், புளி, சூடு மூன்றையும் குறைத்து, குழைந்த பருப்புச் சோறு, ராகிக் கூழ், அன்று உறைந்த தயிர் கொடுங்கள். சாப்பிடுவதற்கு முன் குடிக்க மரத்துப்போகும் மருந்து உண்டு, கேட்டால் எழுதித் தருவார்கள். கரண்ட் முடிந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும் புதிதாக வந்தால், சளி என்று ஊர் மருந்துக் கடையில் முடித்துவிடாதீர்கள். கதிரால் நுரையீரல் வீங்கியிருக்கலாம்.

மாத்திரை வைத்தியம்

ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருப்பவருக்குத் தரும் மாத்திரைகள் ஜெஃபிட்டினிப் 250 மில்லிகிராம், ஆசிமெர்ட்டினிப் 80 மில்லிகிராம் போன்றவை: தினம் ஒன்று, ஒரே நேரம். ஜெஃபிட்டினிபும் எர்லோட்டினிபும் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் சேரும், ஆகவே கேஸ் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. பம்ப்ளிமாஸும் வேண்டாம். முகத்தில் பரு மாதிரி வரும், நகக் கண் புண்ணாகும், வயிற்றுப்போக்கு வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள். திடீர் மூச்சு வாங்கல் மட்டும் விதிவிலக்கு. அன்றே போய்க் காட்டுங்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி ஊசி போடுபவருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். அது ஹோட்டல் சாப்பாட்டால் வந்ததென்று விட்டுவிடாதீர்கள், குடலையே உடம்பு தாக்குவதாக இருக்கலாம்.

மூச்சு வாங்கும்போது

படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு, கைகளை அதில் ஊன்றிச் சாயச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, விளக்கை அணைக்காமல் ஊதுவதுபோல் உதடு குவித்து மெல்ல விடட்டும். சின்னக் கை மின்விசிறியை முகத்துக்கு நேராகப் பிடித்தால் மூச்சு முட்டும் உணர்வு நன்றாகவே குறையும். ஜன்னலைத் திறங்கள், சுற்றி நிற்கும் உறவினரை வெளியே அனுப்புங்கள்.

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் எடுத்ததும் லேசாகும். ஒரே நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுக்காமல் நிறுத்துவது அவர் நன்மைக்கே, “முழுசா எடுத்துருங்க” என்று வற்புறுத்த வேண்டாம்.

ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று டாக்டர் எழுதிய அளவைக் கூட்டாதீர்கள். மின்வெட்டுக்கு ஒரு பி-டைப் சிலிண்டர் வேண்டும். நிரம்பியதில் சுமார் 1,500 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம் வரும். அந்த அறையில் சூடம், ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, பீடி எதுவும் கூடாது. சாமி விளக்கை வேறு அறைக்கு மாற்றுங்கள்.

விடியும் வரை காத்திருக்கக் கூடாதவை

காய்ச்சலை மேலே சொன்னோம். இருமும்போது சளியில் ரத்தக் கோடு தெரிந்தால் மறுநாள் காட்டலாம். கால் தம்ளர், அரை தம்ளர் என்று வந்தால் 108. கட்டி உள்ள பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காது. காலையில் முகமும் கழுத்தும் வீங்கி, கழுத்து நரம்பு புடைத்திருந்தால் அன்றே போக வேண்டும். முதுகுவலியோடு கால் பலமிழப்பதும், சிறுநீர் வராமல் போவதும் தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறி. ஒரு நாள் தாமதித்தால் நடை திரும்பாமல் போகலாம். வாந்தியோடு தலைவலி, வலிப்பு, திடீர்க் குழப்பம், ஒரு கால் மட்டும் வீங்குவது, இவையும் அப்படித்தான்.

வலியும், வீட்டில் இருக்க விரும்புவதும்

மார்ஃபின் என்றதும் “அது கடைசியில கொடுக்கிறதுல்ல?” என்று பயப்படுகிறோம். வலி எவ்வளவோ அவ்வளவுக்கு எந்தக் கட்டத்திலும் கொடுப்பது அது. மூச்சு முட்டும் உணர்வையும் தணிக்கும். சாதாரண மாத்திரை 4 மணி நேரம்தான் நிற்கும், ஆகவே வலி திரும்பும் வரை காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். மலமிளக்கியும் முதல் நாளிலிருந்தே கூட வேண்டும். எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் தருவார்கள் என்பதால், தீர்வதற்கு நான்கு நாள் முன்பே போங்கள்.

படுக்கையானவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணச் செவிலியர் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

மருந்து இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லும் நாள் வந்தால், அவர் பேசும் தெம்போடு இருக்கும்போதே கேளுங்கள்: “மூச்சு ரொம்ப முடியாமப் போனா, ஐசியுவில மெஷின் வைக்கவாப்பா, வீட்லயே இருக்கீங்களா?” அவர் சொன்னதை நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு எழுதி, கூடப்பிறந்தவர்கள் அத்தனை பேருக்கும் படம் எடுத்து அனுப்புங்கள். இரவில் மூச்சு வாங்கும்போது வெளியூர் அண்ணன் போனில் ஒன்று சொல்வார், பக்கத்தில் இருக்கும் தங்கை இன்னொன்று சொல்வாள். அப்போது எடுத்துப் படிக்க அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.